நுனியைக் கடித்துச் சொன்ன தீர்ப்பு

பிள்ளைகளே, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதையும் கால்வாசி தெரிந்துகொண்டதுமே முழுதும் தெரிந்தவன் மாதிரி பேச ஆரம்பித்துவிடும் வியாதி எனக்கு உண்டு. (பத்தாவதில் எனக்குக் கணக்கு நடத்திய சார் சாட்சி சொல்வார்.) அந்த வியாதி ஒரு பெரிய மனிதரை அழ வைத்த கதை இது.

தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் மாரெட்பள்ளியில் நாங்கள் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேல் வீட்டில் ஓனர் ராவ் சார். அதற்கும் மேலே மொட்டை மாடி. அங்கே காலி பெயிண்ட் வாளிகளில் ஆறு மிளகாய்ச் செடி வைத்தேன். "குண்டூர் ரகம் சார், ஒரு காய் போட்டா ஒரு பானைக் குழம்புக்குப் போதும்" என்று ஹப்சிகுடாவில் நர்சரிக்காரர் சத்தியம் செய்து கொடுத்த நாற்று.

பாசத்தோடு வளர்த்தேன். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் அரிசி கழுவிய தண்ணீர். காய்கள் விரல் நீளத்துக்குத் தொங்கின. காரம் மட்டும் வரவே இல்லை. என் மனைவி செல்வி ஒரு காயை முழுதாக மென்று பார்த்துவிட்டு, "ஏங்க, இது மிளகாய்தானா? பொரியல் வச்சிரட்டுமா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராவ் சார் வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது. எங்களோடு பழகிப் பழகி அவர் ஒரு கலவைத் தமிழ் பேசுவார். "செடி அச்சா இருக்கு ரவி. மாடியில வாளி மட்டும் நக்கோ, வேணாம். அடுத்த சண்டே வந்து பாத்து சொல்றேன்."

என் மகள் ஷீபா ஆறு செடிக்கும் பெயர் வைத்திருந்தாள். "டாடி, என் பிங்கிய எடுத்துருவாங்களா க்யா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். "டாடி இருக்கேன்ல" என்றேன். (இதுவும் அந்த வியாதிதான்.)

நடுவில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு, ஒரு வாரம் கழித்து சனிக்கிழமைதான் திரும்பினோம். மே மாத வெயிலில் செடிகள் துவண்டு கிடந்தன. காய்கள் மட்டும் தொங்கின. அந்தக் காயிலேயே சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தால் ராவ் சார் மனது இளகும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் ஒரு காயின் நுனியைக் கடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது.

"செல்வி, விதையெல்லாம் எடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்கே கொடுக்கலாம்."

"முழுசாக் கடிச்சுப் பாத்தீங்களா?"

"மிளகாய்க்கு நுனி வேற, அடி வேறயா?" என்று சிரித்தேன்.

ராவ் சார் மாடிக்கு வந்தார். செல்வி டீயும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். நான் காம்பைப் பிடித்துக்கொண்டு நுனியைக் கடித்தேன். அவர் பழக்கம் வேறு. காம்பைத் திருகி எறிந்துவிட்டு, அந்தப் பக்கமே பாதியை வாயில் போட்டார்.

முகம் சிவந்தது. "நீள்ளு! நீள்ளு!" என்று தண்ணீர் கேட்டார். பதற்றத்தில் நான் கொதிக்கிற டீயை நீட்டினேன். குடித்தே விட்டார்.

"சார், இதுல காரமே இல்லையே?" என்று இன்னொரு பஜ்ஜியின் நுனியைக் கடித்துக் காட்டினேன். "பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

"மஜாக் கர்ரா க்யா? விளையாடறியா?" என்று கத்தி, பஜ்ஜி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தார். அதோடு கண்ணும் போயிற்று.

ஏன் அழுகிறார்? கையிலிருந்ததையே பார்த்தேன். நிரூபித்துவிடுவோமே என்று காம்பு வரைக்கும் தின்றேன். பிறகு அந்த மாடியில் இரண்டு பெரியவர்கள் நின்று அழுதோம்.

"வாளி எல்லாம்... இப்பவே..." என்றார். கையால் கீழே காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

முதல் வாளியை நான் தூக்கினேன். பின்னால் ஷீபா விசும்பிக்கொண்டே வந்தாள். படியில் ராவ் சாரின் மனைவி லட்சுமியம்மா எவர்சில்வர் கிண்ணத்தோடு நின்றார்.

"எங்க கொண்டு போறே?"

"சார் சொன்னாருங்கம்மா..."

"சார் கெடக்கறார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'காரம் போதல, காரம் போதல'ன்னு என் சமையல சொல்றார். இன்னிக்குத்தான் வாய் மூடிச்சு. பச்சடிக்குப் பத்து காய் குடு. வாளிய மேலயே வை. அடியில தட்டு வச்சா தண்ணி எறங்காது. அதுகூடத் தெரியாதா?"

தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாது என்பதை நர்சரிக்காரர் சொன்னார். தண்ணீர் அதிகமானால் காரம் குறையுமாம், செடி காய்ந்தால் ஏறுமாம். அந்தக் காரமும் காம்புப் பக்கம்தான் குடியிருக்குமாம்.

செடிகள் இன்றும் மாடியில் இருக்கின்றன. ராவ் சார் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார்.

போன மாதம் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கப் போனேன். சீட்டை இரண்டு தட்டு தட்டி, "முதல் தரமான வண்டி" என்றேன். ஷீபா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "டாடி, நுனியா, காம்பு வரைக்குமா?"

கிக்கரை உதைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை.