சத்தம் மாஸ்ரரும் அமெரிக்கப் பெடியளும்

தென்கிழக்கு லண்டனில் கார் ஓடுகிற யாழ்ப்பாணத்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். மற்றப் பாதிப் பேர் வேறு மாஸ்ரரிடம் பழகியவர்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். லூயிஷாமில் அது ஒருவருக்கும் தெரியாது. சந்தையிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, அவர் சத்தம் மாஸ்ரர். தொழில், கார் ஓடப் பழக்குவது. அவர் வருகிறார் என்பது கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

அந்தச் சத்தம் ஒரு அமெரிக்க பாண்டின் சத்தம். ராப் மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயராம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவன் மூச்சு விடாமல் கோபமாகக் கதைப்பான், அவனுக்குப் பின்னால் மூன்று பேர் ஒரு இரும்புக் கடையைப் படிக்கட்டால் உருட்டிவிடுவார்கள். பாண்டின் பெயரை இங்கே எழுத ஏலாது. பாதி கெட்ட வார்த்தை. மாஸ்ரரும் அதைச் சொல்வதில்லை. "பெடியள்" என்பார்.

அந்தச் சொல்லைக் கேட்டு முதல் நாளே நான் உஷாராகிவிட்டேன். ஊரில் "பெடியள்" என்றால் வெறும் பையன்களில்லை, துவக்குத் தூக்கிய இயக்கப் பெடியள் என்று என் வயதுக்காரருக்குத் தெரியும். நான் சீட் பெல்ட்டைக்கூடப் போட்டு முடிக்கவில்லை, மாஸ்ரர் கேட்கிறார்:

"பிள்ளை, பெடியளைப் பற்றி என்ன நினைக்கிறீர்?"

பிரான்சில் எட்டு வருஷம் அகதி விசாரணைகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. தானாகவே திறந்தது.

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது அண்ணை. நான் வீட்டோட இருந்தனான்."

மாஸ்ரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லையோ?"

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் லைசன்ஸ் காட்டினால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று மனேஜர் சொல்லிவிட்டாள். நானோ அதற்கு முன்பே இரண்டு தரம் பெயில். முதல் மாஸ்ரர் என்னைக் கைவிட்டுவிட்டார். "உங்களுக்கு பஸ் நல்லது அக்கா" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த கடைசிப் பாடம்.

சத்தம் மாஸ்ரர் கைவிடுகிற சாதியில்லை. அவரிடம் பாடத்திட்டம் இருந்தது. பெடியள் ஐந்து அல்பம் போட்டிருந்தார்கள். ஐந்து அல்பம், ஐந்து பாடம்.

முதல் அல்பம், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில். "இது அவையள் கராஜுக்குள்ள இருந்து அடிச்சது. எங்க தொடங்கிறது, எங்க நிப்பாட்டிறது எண்டு தெரியாது. நீரும் அப்பிடித்தான். கிளச்சை விடும்."

இரண்டாவது அல்பம் உலகத்தையே பிடித்த அல்பம். அதற்குப் பெரிய ரோட். மூன்றாவதில் பெடியளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. "ஸ்பீட் பாரும், ஸ்பீட் பாரும்! இப்பிடித்தான் அவையளும் கெட்டவை." நான்காவது அல்பத்தின்போது பாடுகிறவனுக்கும் கிட்டார் அடிக்கிறவனுக்கும் யார் பெரியவன் என்று சண்டை. மாஸ்ரர் இவர்களுக்கு வாயன், கம்பியன் என்று பெயர் வைத்திருந்தார். அந்த அல்பத்துக்கு ரவுண்டபோட், அதாவது வட்டச் சந்தி.

"வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விட வேணும். வாயன் விடேல்லை, கம்பியனும் விடேல்லை. என்ன நடந்தது?"

"தெரியாது மாஸ்ரர்."

"ஐஞ்சாவது அல்பம் நடந்தது!"

ஐந்தாவது அல்பத்தில் மெதுவான காதல் பாட்டுகள். உலகமே காறித் துப்பியதாம். மாஸ்ரர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் போட்டுத்தான் ரிவர்ஸ் பார்க்கிங் பழக்கினார். "பின்னுக்குப் போறதும் ஒரு கெட்டித்தனம், பிள்ளை."

இவருக்கும் அமெரிக்கப் பெடியளுக்கும் எப்படி இந்தச் சொந்தம்? ஒரு சிவப்பு லைட்டில் நின்றபோது சொன்னார். லண்டனுக்கு வருமுன் அவர் ஜெர்மனியில் இருந்தவர். ஒரு சின்ன ஊரில், கச்சேரி மண்டபத்துக் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. பெடியள் ஐரோப்பாவுக்கு முதல் தரம் வந்தபோது அந்த மண்டபத்தில் அடித்தார்கள். கேட்க வந்த சனத்தை விட மேடையில் வயர் கூட. கச்சேரி முடிந்து வாயன் பசியோடு குசினிக்குள் வந்தான். அங்கே இருந்தது மாஸ்ரரின் சாப்பாடு மட்டும்தான். சோறும் லீக்ஸ் வெள்ளைக்கறியும் முட்டைப் பொரியலும்.

"கையால சாப்பிட்டவன், பிள்ளை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்கு ஜெர்மன் தெரியாது. கோப்பையை வழிச்சு நக்கிப்போட்டு ஒரு சீடி தந்தான். நான் அந்த சீடியிலதான் இங்கிலீஷ் படிச்சனான்."

இந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். மாஸ்ரரின் ஆங்கிலம் முழுக்க அந்த சீடியில் இருந்து வந்தது. சரளமான ஆங்கிலம். ஆனால் சபையில் பேச முடியாத ஆங்கிலம். அதனால் கவுன்சிலுக்கும் வங்கிக்கும் போனால் "யெஸ் சேர்", "தாங்க்யூ சேர்" இரண்டோடு நிறுத்திக்கொள்வார். ரோட்டில் மட்டும் அவருக்குத் தடையில்லை.

ஒரு நாள் ரவுண்டபோட் நடுவில் காரை நான் நிற்பாட்டிவிட்டேன். பின்னால் ஒரு வெள்ளை வான். அதற்குள் பச்சை குத்திய கையோடு ஒரு மலை. இறங்கி வந்து என் ஜன்னலில் குனிந்து கத்தத் தொடங்கினான். மாஸ்ரர் பாட்டைக் குறைத்தார். என் பக்கம் சரிந்து, அர்ச்சனை சொல்வதுபோல் நிதானமாக, இரண்டாவது அல்பத்தில் இருந்து ஒரு சரணத்தை முழுதாக ஒப்புவித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. இன்றைக்கு இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று நினைத்தேன்.

வான்காரன் வாயைப் பிளந்தான். பிறகு அடுத்த சரணத்தை அவன் சொன்னான்.

மூன்றாவது அல்பம் திறமா, நான்காவது திறமா என்று இரண்டு பேரும் அந்த இடத்திலேயே விவாதித்தார்கள். நாலு பக்கமும் ஹோர்ன். இரண்டு பஸ் திரும்ப முடியாமல் நின்றது. கடைசியில் வான்காரன் எனக்குக் கைகாட்டி வழி விட்டான். "பாத்தீரோ?" என்றார் மாஸ்ரர். "ரோட்டில மரியாதை வேணும்."

ஆரோ கான்சல் பண்ணிய இடத்தைப் பிடித்து எனக்கு டெஸ்ட் எடுத்துத் தந்தார். நானும் நல்ல துணிவோடுதான் போனேன். என்னைப் பரீட்சிக்க வந்தவ கையில் ஒரு டாப்லெட்டோடு பக்கத்தில் ஏறி, கதவைச் சாத்தி, போகலாம் என்றா. போனேன். அரை மைல் போயிருக்க மாட்டேன், காருக்குள் ஏதோ உறுமுகிற சத்தம். இந்தக் காரில் நான் ஒரு நாளும் கேட்காத சத்தம். கார் பழுது, வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். பதறிப்போய்க் கரையில் நிற்பாட்டி, ஹசார்ட் லைட்டையும் போட்டேன்.

"ஏன் நிற்பாட்டினீர்கள்?" என்று அவ கேட்டா.

"கார் சத்தம் போடுது."

அவ காது கொடுத்துக் கேட்டா. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னா: "அது எஞ்சின்."

பெயில். மூன்றாவது தரம். மூன்று மாதத்தில் மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள். நான் கார் பார்க்கில் நின்று அழுதேன். மாஸ்ரர் பொனெட்டில் கை வைத்தபடி அப்படியே நின்றார். என்னை வீட்டில் இறக்கும்போது, "பிழை என்ரை" என்றார். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வாறன். நீர் பாஸ் பண்ணாமல் நான் விடமாட்டன்."

மறுநாள் ஏழு மணிக்கு வாசலில் ஹோர்ன் கேட்டது. ஜன்னல் நடுங்கவில்லை. நாய் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

"இண்டைக்குப் பாடம் ஆறு" என்றார்.

"அல்பம் ஐஞ்சுதானே மாஸ்ரர்?"

"ஐஞ்சாவதுக்குப் பிறகு பெடியள் பிரிஞ்சிட்டாங்கள். வாயனும் கம்பியனும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. கன வருசம் ஒரு பாட்டும் இல்லை. அதுதான் பாடம். காரை எடும்."

பதினாறு நாள் அந்தப் பாடம் நடந்தது. சத்தமே இல்லாத காரில் அந்த மனிதர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். மார்கழிக் குளிரில் நெற்றி வியர்க்கும். விரல் டாஷ்போர்டில் தாளம் போடும். மற்றக் கையால் அதைப் பிடித்து அமத்துவார். ஒரு நாள் ஆகாயத்தில் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. மாஸ்ரர் சட்டென்று தலையைக் குனிந்தார். நானும் அதே நேரம் குனிந்தேன். கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது நல்ல காலம்.

"என்னத்துக்கு மாஸ்ரர் இவ்வளவு நாளும் அவ்வளவு சத்தம்?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அது கேட்டா மற்றது கேக்காது" என்றார். "கண்ணாடியைப் பாரும்."

கண்ணாடியைப் பார்த்தேன். ஊரில் ஹெலி சுட்ட காலத்தில் குனியப் பழகியவள்தானே நானும்.

நாலாவது தரம் பாஸ். அதே பரீட்சைக்காரிதான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன், கியர் மாற்றினேன், அவ்வளவுதான். மாஸ்ரர் டெஸ்ட் சென்டர் வாசலில் நின்று, "வெண்டிட்டம்!" என்று கத்தினார். காருக்குள் ஏறியதும் இரண்டாவது அல்பத்தைப் போட்டார், முழுச் சத்தத்தில். பதினாறு நாள் பட்டினி கிடந்தவர் சோற்றைக் கண்டதுபோல் இருந்தது அவருடைய முகம்.

பிறகு எனக்கு வேலை, ஷிப்ட், ஓட்டம். மாஸ்ரரைக் கோயிலில் மட்டும் காண்பேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு திருவிழாவில், என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, "ஆரது?" என்றார். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியிருந்தது. டொக்டர் சொல்லுமுன்பே கடிதம் எழுதி, லைசன்ஸைத் தானே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். காரையும் விற்றுவிட்டு, லண்டனின் மற்றக் கரையில், கிங்ஸ்பரியில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாராம். அவ வீட்டில் ரேடியோவை மெதுவாகத்தான் வைக்க வேணுமாம். இதைச் சொன்னபோதுதான் அவருடைய குரல் கொஞ்சம் உடைந்தது.

போன கோடையில் ஒரு நாள் போன் வந்தது.

"பிள்ளை! பெடியள் சேந்திட்டாங்கள்! லண்டனுக்கு வாறாங்கள்!"

ஒரு பார்க்கில் இசைவிழா. ஒரு காலத்தில் மைதானங்களை நிரப்பிய பாண்டுக்கு இப்போது கிடைத்த நேரம், பின்னேரம் நாலு பத்து. பெரிய பாண்டுகள் வருமுன்பு சனம் சிப்ஸ் வாங்குகிற நேரம். மாஸ்ரருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ரெயினில் போனால் சுகம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ரெயினிலயோ? நான் கார் ஓடப் பழக்கின சனம் இந்த லண்டன் முழுக்க இருக்கு. நான் ரெயினில போறதோ?"

லூயிஷாமில் இருந்து கிங்ஸ்பரிக்குக் கார் ஓடினேன். கோட்டும் டையுமாக வாசலில் நின்றார். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி வந்ததுபோல் இருந்தது.

பார்க்கில் எங்களைச் சுற்றிக் கறுப்பு பெனியனும் மொட்டைத் தலையுமாக ஐம்பது வயது வெள்ளைக்காரர்கள். டை கட்டிய தமிழரைப் பார்த்து ஒருவன் தன்னுடைய மடக்குக் கதிரையைத் தந்தான். மாஸ்ரர் அதில் இருக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெடியள் மேடைக்கு வந்தார்கள். அவருக்குத் தெரிந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

"வாயன் எங்க நிக்கிறான்?"

"நடுவில. தொப்பை வைச்சிட்டுது."

"கம்பியன்?"

"வலப்பக்கக் கரையில. வாயனைப் பாக்கிறானில்லை."

"எவ்வளவு தூரம்?"

யோசித்தேன். "மூண்டு கார் நீளம்."

"ம்" என்றார். "பாதுகாப்பான தூரம்தான்."

இரும்புக் கடை உருளத் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டு முடியவும் என் முழங்கையை அமத்துவார். "இப்ப?" "மூண்டு." "இப்ப?" "ரெண்டரை." கடைசிப் பாட்டு வந்தது. இரண்டாவது அல்பத்துப் பாட்டு. மொட்டைத் தலைகள் எல்லாம் துள்ளின. மாஸ்ரரின் உதடு ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர். "இப்ப, பிள்ளை?" என்றார்.

கம்பியன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு பேரும் ஒரு தரம்கூட முகம் பார்க்கவில்லை. நான் சொன்னேன்: "பக்கத்தில வந்திட்டான் மாஸ்ரர். தோளில கை போட்டிருக்கிறான்."

மாஸ்ரர், பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்லாதையும். கிட்டார்ச் சத்தம் இன்னும் வலப்பக்கத்தாலதான் வந்தது." டையைச் சரிசெய்துகொண்டார். "பரவாயில்லை. ஒரே மேடையில நிண்டவைதானே. அது காணும்."

மற்றப் பாண்டுகளுக்கு அவர் நிற்கவில்லை. இன்னும் வெயில் இருந்தது. காருக்கு நடந்துபோய் ஏறினோம். பெல்ட்டைப் போட்டதும் நிமிர்ந்து இருந்தார். கொஞ்ச தூரம் போக ஒரு பெரிய சந்தி வந்தது. கிங்ஸ்பரிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அடுத்தது லெஃப்ட்" என்றார் மாஸ்ரர், பாடம் பழக்குகிற அந்தப் பழைய குரலில்.

கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, லெஃப்ட்டில் திரும்பினேன்.