இருபத்துநாலு வோல்ட்டுக்கு ஒரு ஜீப்

அரசு வாகனத்தின் எந்தப் பாகத்தையும் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் கழற்றக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் எங்கள் வோல்ட்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், 'எழுதிக் கேட்டாலும் இவருக்குக் கொடுக்காதே' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்.

வோல்ட்டு என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவர், திண்டிவனத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்த ஆபீசின் உதவியாளர். எந்தப் பேட்டரியையும் ஒயர் வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் கருத்துச் சொல்வார். "சப்புன்னு இருக்குது சார், தூக்கிப் போடுங்க" என்று என் சுவர்க் கடிகாரத்துக்கு மரணச் சான்று கொடுத்தவர்.

எங்கள் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி. அதில் ஒன்று படுத்துவிட்டது.

"ஒண்ணுதானேய்யா போச்சு?" என்றேன்.

"வரிசையா கட்டினது சார். பன்னெண்டும் பன்னெண்டும் சேர்ந்தாதான் இருபத்துநாலு. நம்ம ஃபைல் மாதிரி. நடுவுல ஒருத்தர் லீவு போட்டா மொத்தமும் நிக்கும்."

விழுப்புரம் தலைமை ஆபீசுக்கு எழுதினோம். வந்த டெக்னீஷியன் படுத்த பேட்டரியில் எதையும் இணைக்காமல் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு காட்டியது. 'நல்ல நிலை' என்று எழுதினார்.

"சும்மா உக்காந்துக்கினு இருந்தா யாரு வேணா பன்னெண்டு காட்டுவாங்க சார். வேலை குடுத்துப் பாருங்க!" என்றார் வோல்ட்டு. பக்கத்தில் நின்ற எங்கள் அதிகாரி அதைத் தன்னைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டார்.

மறுபடி எழுதினோம். பதில் இல்லை.

ஒருநாள் மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐந்து மணிக்குள் அவள் சான்றிதழ் ஆன்லைனில் போகாவிட்டால் கல்லூரியில் இடம் இல்லை. நாலரைக்குக் கரண்ட் போயிற்று.

"சீட்டு போயிடும்ங்க ஐயா" என்று அழுதாள்.

வோல்ட்டைக் காணவில்லை. திரும்பி வந்தபோது இடுப்பில் குழந்தை மாதிரி ஜீப் பேட்டரி. செத்ததைக் கழற்றி இதை மாட்டினார். "ஜல்தி சார்! ஃபேனைப் போட்டுடாதீங்க, இழுத்துடும்!"

கம்ப்யூட்டர் விழித்தது. ஐந்தடிக்கும் முன் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது.

கீழே, விழுப்புரம் கூட்டத்துக்குக் கிளம்பிய அதிகாரியின் ஜீப் முனகக்கூட இல்லை.

"பேட்டரி எங்கய்யா?"

"மக்கள் சேவையில இருக்குதுங்க ஐயா."

தண்டனையாக வோல்ட்டை விழுப்புரம் தலைமை ஆபீசுக்கே மாற்றினார்கள். எந்த சீட் என்று அதிகாரி விசாரிக்கவில்லை. எங்கள் கடிதங்கள் தூங்கிக்கொண்டிருந்த சீட்.

புது பேட்டரிக்கு அனுமதி தந்து பதில் வந்த தேதி, வோல்ட்டு அங்கே பொறுப்பேற்ற மறுநாள். அதை வாங்கிவர ஓர் ஊழியரை அனுப்பினால் போதும் என்பதுதான் நடைமுறை. நானே பஸ் ஏறினேன்.