விறைப்பாக நின்று சொன்ன பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். சுகமா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். "ராணுவத்துல வந்த வியாதிக்கு ராணுவம்தானே வைத்தியம் பாக்கணும், ஒரு மனு போடுடா, என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று நீ சொல்லிவிட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. என்ன குறைந்தது என்று கேள். நான் ஐந்து கிலோ குறைந்தேன். உன் தம்பி பெண்டாட்டிக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் குறைந்துவிட்டது.

என் வியாதி உனக்குத் தெரியும். அன்று நாங்கள் ராணுவ லாரிகளை வரிசையாக ஓட்டிப் போகும்போது எனக்கு முன்னால் போன லாரி கண்ணிவெடியில் சிக்கிப் போனது. வண்டிக்கு வண்டி ஐம்பது மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அதனால்தான் நான் இன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்த இடைவெளி என்னை விடமாட்டேன் என்கிறது. கடைக்குப் போனால் உன் தம்பி பெண்டாட்டி முன்னால் போகிறாள், நான் ஐம்பது மீட்டர் பின்னால் வருகிறேன். அவள் நின்றால் நானும் நிற்கிறேன். தெருமுனைத் தையல்காரர் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து, "அண்ணே, நீங்கதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்களேன்" என்று இரண்டு முறை சமாதானம் பேசிவிட்டார். பஸ்ஸில் ஏறினால், முன்னால் வேறு வண்டி வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கத்திவிடுகிறேன். அந்த வழி கண்டக்டர் என்னைப் பார்த்ததும் ஏற்றாமலே விசில் கொடுத்துவிடுகிறார். இந்த வியாதி ராணுவத்தில் வந்ததுதான் என்று சான்றிதழ் கிடைத்தால்தான் ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை வாராவாரம் பார்க்க முடியும். கிடைக்காவிட்டால் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் சொல்லிவிட்டாள். "பக்கத்துல வராத மனுசனோட எத்தனை நாளைக்குங்க குடும்பம் நடத்துறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

சரி என்று மனுப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, தலையை நிமிர்த்தாத மனிதர். பதினோரு மாதமாக அவருடைய உச்சந்தலையைத்தான் பார்த்து வருகிறேன். வழுக்கை எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வேன்.

"சம்பவத்தைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும்."

"முன் லாரியில மூணு பேர் இருந்தாங்க சார்."

"அப்ப அதுல ரெண்டு பேர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

"அவங்க இல்லீங்க சார்."

"எப்ப வருவாங்க?"

அந்த மூன்று பேரில் ஒருவன் 'சுருட்டை', என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். "வரமாட்டாங்க சார்" என்றேன். "வெளியூரா? தபால்ல வாங்குங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மறுமாதம் போனபோது என் பழைய வண்டிப் பதிவேட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்திருந்தார். அதில் அந்தத் தேதிக்கு, 'வண்டி நல்ல நிலை, ஓட்டுநர் நல்ல நிலை' என்று இருந்தது. "இத யாரு எழுதினது?" என்றார். நான்தான் எழுதினேன், அக்கா. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் ஓட்டுநர் அப்படித்தான் எழுத வேண்டும், வேறு எழுத அதில் கட்டமே கிடையாது. "அப்ப பொய்யா எழுதினீங்க, இல்ல இப்ப பொய் சொல்றீங்க. எதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார்.

அதையும் எழுதிக் கொடுத்து, ஒருவழியாக மருத்துவக் குழு முன்னால் போய் நின்றேன். அங்கேதான் நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டேன். எங்கள் படைப்பிரிவில் தினம் காலையில் அதிகாரி வரிசை முன்னால் நடந்துகொண்டே, "யாருக்காவது கஷ்டம் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்று சொன்னவன் அன்று கக்கூஸ் கழுவுவான். ஆகவே இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் தவறாமல், "இல்லை ஐயா!" என்று கத்தியிருக்கிறோம். குழுவின் தலைவர் தோளில் அதிகாரிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். அன்பாகத்தான் கேட்டார், "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, விறைப்பாக நின்று, ஜன்னல் அதிர, "கஷ்டம் எதுவும் இல்லை ஐயா!" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மேல்முறையீடு செய்தோம். இந்த முறை உன் தம்பி பெண்டாட்டி விடவில்லை. பத்து நாள் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அவள் தலைவர், நான் நான். "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பாள். நான் பஸ், கடைத்தெரு, சுருட்டை எல்லாம் தடங்கல் இல்லாமல் சொல்வேன். ஒரு நாள் அவளே அழுதுவிட்டாள். அவ்வளவு நன்றாகச் சொன்னேன், அக்கா. குழு அறைக்குள் அவளை விடமாட்டார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே போனேன், பட்டையைப் பார்த்தேன், அவ்வளவுதான். இந்த முறை சல்யூட்டும் சேர்த்து அடித்தேன்.

நேற்று முடிவு வந்தது. 'மனுதாரர் நலமாக உள்ளார். அவரே இருமுறை உறுதி செய்தார்.' இனி யாரோடு போய் மல்லுக்கட்டுவது? அவள் பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். மறுபரிசீலனைக்குக் குடும்பத்தார் வாக்குமூலம் வேண்டும், அக்காவை எழுதச் சொல்லுங்கள் என்றாள். வேண்டாம். நீ ஒன்றும் எழுதாதே, புறப்பட்டும் வராதே. அரசாங்கமே என்னை நலம் என்று முத்திரை குத்திவிட்ட பிறகு நாம் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. நான் தனியாகச் சமாளித்துக்கொள்வேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பட்டை வைத்தவர் எவர் முன்னாலும் உட்கார்ந்தபடியே பேசுகிற உத்தியோகத்துக்குப் போக என் ஆசிகள்.

உன் பிரியமுள்ள,
தம்பி

பின்குறிப்பு: கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். காலையில் எதிர்வீட்டு வாசலில் லாரியிலிருந்து ஜல்லியைத் தடாலென்று கொட்டினார்கள். அப்போதிலிருந்து குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் தாள் வைத்து எழுதுகிறேன். அவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு அடியில் அவள் விரல் தெரிகிறது. வராதே என்று மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. எனக்கு முடியவில்லை, அக்கா. பார்த்ததை எல்லாம் எழுது, எழுதி எடுத்துக்கொண்டு உடனே வா. இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் அவளிடம் தள்ளுகிறேன். படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவாள். படிக்கட்டும்.