எயிட்-கே வீடியோவும் என் ஆட்சேபனையும்

ஒப்புக்கொள்கிறேன், எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பால்காரர் பால் ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்க மாட்டேன், அவர் கையைத்தான் பார்ப்பேன். என் போனில் பேசுகிற எல்லோருடைய பேச்சும் பதிவாகும். நாளைக்கு யாராவது பேச்சு மாறினால் ஆதாரம் வேண்டுமே! (இதுவரை ஒருவரும் மாறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம்தான்.)

தங்கை மெர்சிக்குச் சித்தூர் சர்ச்சில் கல்யாணம். குவைத்தில் இருந்த டேவிட் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்றதையாவது நல்லா எடுத்து அனுப்புடா" என்று போனில் அழுதார்.

வீடியோக்காரரை நம்பி விட முடியுமா? நானே திருப்பதிக்குப் போய், துல்லியத்தில் உச்சம் என்கிற எயிட்-கே (8K) வீடியோ எடுக்கும் போன் கேட்டேன்.

"எயிட்-கேல எடுத்தா நிமிஷத்துக்கு அரை ஜிபிக்கு மேல துன்னுடும்ணா. 128 பத்தாது, 512 எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர்.

விலை கூடினதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்! நானா மசிவேன்? 128-தான் வாங்கினேன். பழைய ஆதாரங்களை எல்லாம் அதில் ஏற்றியதில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஸ்டீபன், கீறல் விழுந்த போனோடு என் பக்கத்தில் நின்றான். அடிக்கடி என் போனை எட்டிப் பார்த்தான். அவன் பார்வையே சரியில்லை. பாட்டு, ஜெபம், பாஸ்டர் ஐயாவின் நாற்பது நிமிடப் பிரசங்கம் என்று எதையும் விடாமல் எடுத்தேன். நடுவில் 'இடம் குறைவு' என்றது போன். கூடுதல் இடத்துக்கு மாதச் சந்தா விற்கிற தந்திரம் என்று தள்ளிவிட்டேன்.

பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் ஐயா சபையைப் பார்த்து, "இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பதிவு நின்றது. ஸ்டீபன் வேலைதான்!

"மோசடி! இன்னாடா பண்ண நீ?" என்று அவனைப் பார்த்து அலறினேன்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்ற எங்கள் நைனா முன் வரிசையிலிருந்து எழுந்தார்.

"இன்னா மோசடிடா? யாரு பண்ணது?"

"போன்ல எடமில்ல நைனா."

மெர்சி பாஸ்டர் ஐயா முன்னால் நின்றபடியே, "அந்த ரெக்கார்டிங்க எல்லாம் அழிச்சித் தொலைண்ணா!" என்று கத்தினாள்.

ஆதாரத்தை அழிப்பதா? எதை அழிக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோதே தாலி கட்டி முடித்துவிட்டார்கள். அண்ணன் அழுதது நினைவுக்கு வந்து, வெட்கத்தில் செத்தேன்.

கடைசியில் அண்ணனுக்கு வீடியோ அனுப்பியவன் ஸ்டீபன்தான். மங்கல்தான், ஆனால் தாலி கட்டியது முழுதாகப் பதிவாகியிருந்தது. என் அலறலும்தான்.

"அழுதுக்கினே சிரிச்சேன்டா" என்றார் அண்ணன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், ஆட்சேபனை உண்டா என்று கேட்டதும் பாஸ்டர் ஐயா என்னைத்தான் பார்க்கிறார். நான் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்கய்யா" என்று சொன்ன பிறகுதான் தாலியைக் கையிலேயே எடுக்கிறார்.