வைத்தியம் பார்ப்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆடு. கலீலுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கால்நடை மருத்துவர்தான். ஆனால் இப்போது அரசாங்க உதவித்தொகையில் எலிக்காய்ச்சலை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். அந்தத் தொகை வாங்குகிறவர் வீட்டில் வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் தொகையும் போச்சு, பட்டமும் போச்சு. அவருடைய பேராசிரியர் சுந்தரராமன் இன்றைக்கு மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். வேறெதற்கு, வேவு பார்க்கத்தான்!

"ஆட்டை அவுத்துட்டுப் போங்க மாமா. நான் இப்ப வைத்தியம் பாக்கிறதில்ல."

"பெறவு என்னத்தத்தான் படிக்கே மாப்ளே?" என்றார் தோல்பை பட்டறைக்கார மன்சூர் அலி.

"எலிக்குள்ள இருக்கிற கிருமிய."

"அடப் பாவமே! ஆட்டுல இருந்து எலிக்கு எறக்கிட்டானுவளா?"

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டதுதான் கலீலுல்லாவால் தாங்க முடியவில்லை. "எலிக்கில்ல மாமா! மனுசங்களுக்கு வர்ற நோய்க்கு!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

வினை அங்கேதான் பிடித்தது. சற்று நேரத்தில் ஆட்டுக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் இருமினார்கள்.

கலீலுல்லா ஓர் அட்டையை எடுத்தார். 'இங்கே வைத்தியம் பார்ப்பதில்லை' என்று தமிழில், கண்ணில் படட்டும் என்று சிவப்பு மையில் எழுதிக் கதவில் மாட்டினார்.

சந்தில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கதவில் சிவப்பு போர்டு தொங்கினால் அது வைத்தியம் பார்க்கிற தவாகானா என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். வரிசை தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் போனது.

"ஹிந்தியில எழுதித் தொலைச்சிருக்கலாம்லா?" என்றாள் மனைவி நஸீரா, ஜன்னல் வழியே பார்த்தபடி.

அவ்வளவுதான், கலீலுல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மனிதன் நிம்மதியாகப் படிப்பதுகூடக் குற்றமா? அட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க! மாட்டுங்கா சார் வர்ற நேரம்! இந்தக் கூட்டத்தைப் பாத்தார்னா என் படிப்பே நாசமாயிரும்!"

ஒருவரும் அசையவில்லை. சொர்ணம்மாள்தான் முழங்காலை நீவியபடி நிதானமாகச் சொன்னாள்:

"சத்தம் போடாதய்யா. அந்த மாட்டுங்கா சாரு அப்பமே வந்து, உன் கைராசி எப்பிடின்னு எங்கிட்ட கேட்டுட்டு, லைன்ல கடைசியா நிக்காரு. எங்களுக்கு அவசரமில்ல, மொதல்ல அவரு பூனையப் பாத்து அனுப்பு."