உங்கள் தங்கை என்னைத் திட்டுவதில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் உடல்நலத்தோடு இருக்கிறோம். தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் அதை உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

எங்கள் தெருமுனையில் மக்கள் உதவி மையம் ஒன்று திறந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு ஒரு மேஜையில் காவலர், இலவசச் சட்ட ஆலோசனைக்கு அடுத்த மேஜையில் வக்கீலம்மா, தடுப்புக்கு அப்பால் மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கு ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசிக்கு உங்கள் தங்கை தொண்டராகச் சேர்ந்தாள். சேரச் சொன்னவன் நான்தான். வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்குமே என்ற நல்லெண்ணம். பயிற்சி கொடுத்தார்கள். குறுக்கே பேசக் கூடாது, குறை சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பேசுகிறவர் யார் என்று கேட்கக் கூடாது. உங்கள் தங்கையை அறிந்தவன் என்ற முறையில், மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முதலாகத் தேறிவிட்டாள். அவளிடம் பேசிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம் என்று பலர் சொல்லியனுப்புகிறார்கள்; அதை நான் குறை சொல்லவில்லை. பயிற்சியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள், அதுதான் விஷயம்.

டீயில் சர்க்கரை இல்லை என்றேன். முன்பானால், "டப்பா இருக்கிற இடத்துக்கு உங்க காலு வராதா?" என்று தொடங்கி, என்னை வளர்த்த லட்சணத்தில் போய் முடியும், நானும் நாலு வார்த்தை சொல்வேன், மாலைப்பொழுது போய்விடும். இப்போதோ எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சர்க்கரை இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்கிறாள். "கசப்பா இருக்கு" என்றேன். "ம்... சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." சர்க்கரை கடைசிவரை வரவில்லை. வேறு வழியில்லாமல் உங்களை இழுத்தேன், மன்னிக்க வேண்டும். "உங்க அண்ணன் விட்ட குறட்டையிலதான் நம்ம ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுச்சு" என்றேன். உங்கள் பேச்சை எடுத்தாலே கரண்டி பறக்கும் வீடு இது. அவளோ, "ரொம்ப நாளா உங்களை அது உறுத்திக்கிட்டு இருக்குல்ல?" என்றாள். கண்ணில் அவ்வளவு கருணை. முன்பின் தெரியாத யாரிடமோ பேசுவதுபோல் பேசினாள், மைத்துனரே. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மையத்துக்கே போய் முறையிட்டேன். வக்கீலம்மா பேனாவைத் திறந்துகொண்டு, "அடிக்கிறாங்களா சார்?" என்றார்.

"இல்லம்மா."

"திட்டுறாங்களா?"

"அதுதான் இல்லை."

"அப்புறம் என்ன சார் புகார்?"

"அதுதாம்மா புகார்."

திட்டு வாங்கும் உரிமை என்று சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். பேனாவை மூடிவிட்டுக் காவலரைக் கைகாட்டினார். காவலர் முழுவதும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டம்மாவை அந்தப் பயிற்சியில சேர்க்க என்ன சார் பண்ணணும்?" என்றார்.

ஆகவே, மூத்தவர் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளை இந்தச் சேவையிலிருந்து விலகச் சொல்ல வேண்டும். வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது. அதற்கும் நான்தான் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் சகோதரிக்கு என் வணக்கம். அவர் உங்களைத் திட்டினால், என் சார்பிலும் சற்று நேரம் நின்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், வேறு கதியில்லாமல் அந்தத் தொலைபேசிக்கே பேசினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, குரலை மாற்றி. உங்கள் தங்கைதான் எடுத்தாள். மனைவி அன்பாக இருக்கிறாள், தாங்க முடியவில்லை என்றேன். "ம், சொல்லுங்க" என்றாள். அவளுடைய அண்ணனுக்குக் கடிதமே எழுதிவிட்டேன் என்றேன். மறுமுனையில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருக்கு, எங்க அண்ணனுக்கா? முதல்ல மூக்கை விடுங்க! வெட்கமா இல்ல உங்களுக்கு? அந்தக் கடுதாசியைப் பெட்டியில போட்டுப் பாருங்க, வீட்டுக்கு வந்து உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்!" என்று ஆரம்பித்து, என் பரம்பரையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். அவளிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். அவள் சேவை தொடரட்டும். இதை இப்போதே பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வாசலைப் பார்த்து உட்காரப் போகிறேன்.