இருபது ஜோடி முகங்கள்

"ஒரே படம்."

பதினான்காவது ஜோடிக்கும் கம்ப்யூட்டர் இதையே சொன்னதும் இளையபெருமாள் கீபோர்டைத் தள்ளிவைத்தான்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்கள், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக வருடா வருடம் புதுப் படம் எடுத்துக் காரைக்கால் பென்ஷன்காரர் சங்கத்தில் கொடுக்க வேண்டும். போன வருடப் படத்தோடு அதை ஒப்பிட்டு, கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் 'அதே ஆள்', நிறைய இருந்தால் 'வேறு ஆள்', தூசி, கீறல் தவிர ஒன்றுமே இல்லாவிட்டால் 'ஒரே படம்' என்று சொல்லும் புரோகிராமை, அங்கே தற்காலிக வேலையில் இருந்த அவன் எழுதியிருந்தான். நாளை புதுச்சேரியிலிருந்து பென்ஷன் அதிகாரி ழான்-போல் வந்து சோதிக்கப் போகிறார். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோவில்பத்து வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டியதுதான். அது 1989, வேறு வேலைக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டருக்கு மெமரி குறைவு. இரண்டு முழுப் படத்தை ஏற்றினால் அப்படியே நின்றுவிடும். அதனால் இரண்டு படத்திலிருந்தும் புள்ளிகளை நாலு நாலு வரியாக எடுத்து ஒப்பிட்டு, தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த நாலு வரியை எடுக்கும்படி செய்திருந்தான். அது தோன்றிய அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவன், இன்று எல்லார் மீதும் சந்தேகப்பட்டான்.

முதலில் படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் ழானெத் மீது.

"ஒரே படத்தையே ரெண்டு தடவ ஏத்திட்டீங்களா?"

"எனக்கு என்ன கண்ணு பொட்டையா சார்? நீங்களே ஏத்திக்கிங்க!" அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அவனே ஏற்றினான். 'ஒரே படம்.'

அடுத்து தன் நாலு வரி மீதே சந்தேகம். ஒரு படத்தின் வரிகளையே இரண்டு முறை வாசிக்கிறதோ? இரண்டு படத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினான். மெமரி நிறைந்து கம்ப்யூட்டர் நின்றே போனது. இடம் போதட்டும் என்று படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினான். இப்போது மீசைக்கார எத்மோனும் மூக்குத்தி போட்ட விதவைப் பென்ஷன்காரி அஞ்சுகமும் 'ஒரே படம்' ஆனார்கள். அட கஷ்டகாலமே!

கடைசியில் பழையபடி நாலு வரிக்கே திரும்பி, எந்த வித்தியாசத்தையும் நூறு மடங்காக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்தான். இனிமேல் 'ஒரே படம்' என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

மறுநாள் ழான்-போல், எத்மோனையே நேரில் உட்காரவைத்து அவர் படங்களைக் கொடுத்தார்.

'வேறு ஆள்.'

எத்மோன் கைத்தடியைத் தரையில் குத்தினார். "மோன் தியே, கடவுளே! நான் நானில்லேன்னு சொல்ல இது யாருடா?"

இருபது ஜோடியும் 'வேறு ஆள்'. ழான்-போல் பையை மூடினார். "போதும் தம்பி. நீங்க வேற வேல பாத்துக்கிங்க."

இளையபெருமாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், உண்மையச் சொல்லிடறேன். மொதல்ல எல்லாத்தையும் ஒரே படம்னு சொல்லிச்சு. ஒரு வருஷம் கழிச்சு எடுத்த படம் எப்படி சார் ஒண்ணாவே இருக்கும்? அதான் புரோகிராம் தப்புன்னு நெனச்சு நானே மாத்திட்டேன்."

ழான்-போல் பையைக் கீழே வைத்தார். கண்கள் சுருங்கின. "இந்தப் படமெல்லாம் யாரு எடுத்தது?"

"மாடிக்குக் கீழ ஸ்டூடியோ வச்சிருக்க மீரா சாகிப் சார்."

"கூப்பிடுங்க அவர."

"அவர எதுக்கு இப்ப? பாவம், வேலயா இருப்பாரு," என்றார் எத்மோன். அதுவரை கத்திய குரல் திடீரென்று இறங்கிவிட்டிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்த மீரா சாகிப், படங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்மோன் ஐயாவ நான் படம் எடுத்து ஒம்போது வருஷம் ஆச்சுங்க. அந்த நெகட்டிவ்லேர்ந்துதான் வருஷா வருஷம் ஒண்ணு போட்டுக் குடுக்கறேன். இருவது பேருக்கும் அப்படித்தான்!"